எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் காலைத் தூக்க முடியவில்லை: முழங்காலைச் சுற்றிய தசைநாண் காயங்கள்

முழங்கால் வலி என்று யாரிடம் சொன்னாலும் நம்ம திருநெல்வேலிப் பக்கம் மூன்றில் ஒரு பதில் வரும். ஐம்பது தாண்டியவர் என்றால் மூட்டுத் தேய்மானம். கபடி ஆடுகிற பையன் என்றால் ஜவ்வு. கீழே விழுந்து வீங்கியிருந்தால் சுளுக்கு. பெரும்பாலான நேரம் இந்த மூன்றில் ஒன்று சரியாகவும் இருக்கும். ஆனால் இவற்றில் அடங்காத ஒரு வகை உண்டு. அவைதான் தசைநாண் காயங்கள். அடிக்கடி வராததால் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அவற்றிலும் ஒன்றை, அதாவது தொடைத்தசையை முழங்கால் சில்லோடு பிணைக்கும் நாண் அறுவதை, தாமதமாகக் கண்டுபிடித்தால், மனுஷனின் நடையே மாறிப்போகும். இந்தக் கட்டுரையில் அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

தசையையும் எலும்பையும் பிணைப்பது தசைநாண். எலும்போடு எலும்பைப் பிணைப்பது தசைநார். தொடையின் முன்பக்கத்தில் நான்கு தசைகள் இருக்கின்றன. அவை நான்கும் கீழே வந்து ஒன்றுசேர்ந்து, முழங்கால் சில்லின் மேல்விளிம்பில் ஒரு தடித்த பட்டையாகப் பதிகின்றன. அதுதான் குவாட்ரிசெப்ஸ் தசைநாண். சில்லின் கீழ்முனையில் இருந்து இன்னொரு பட்டை கிளம்பி, கணைக்கால் எலும்பின் முன்பக்கம் விரலுக்குத் தட்டுப்படும் மேட்டில் போய்ச் சேர்கிறது. அது படெல்லர் தசைநாண்.

கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கும். தொடைத்தசைதான் இழுக்கிற ஆள், தசைநாண் வடம், சில்லு கப்பி, முழங்காலுக்குக் கீழே உள்ள கால் வாளி. வடம் கப்பிக்கு மேலே அறுந்தாலும் சரி, கீழே அறுந்தாலும் சரி, ஆள் எவ்வளவு இழுத்தாலும் வாளி அசையாது. இத்தனைக்கும் எலும்பில் ஒரு கீறல்கூட இருக்காது. எக்ஸ்ரேயில் முறிவை மட்டும் தேடினால் இந்தக் காயம் தப்பிவிடுவது இதனால்தான்.

வரப்பில் வழுக்கினால் என்ன நடக்கிறது

குவாட்ரிசெப்ஸ் தசைநாண் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு மேல்தான் அறுகிறது. பெரிய விபத்து எதுவும் தேவையில்லை. தாமிரபரணிக் கால்வாய்ப் பாசன வயல்களில், தண்ணீர் கட்டியிருக்கும் மாதங்களில் வரப்பு ஈரமாகவே கிடக்கும். மடை பார்க்கப் போகிறவருக்குக் கால் வழுக்குகிறது. விழக்கூடாது என்று உடம்பு தானாகவே காலை ஊன்றுகிறது. முழங்கால் பாதி மடங்கிய நிலையில் தொடைத்தசை முழுப் பலத்தோடு இறுகுகிறது, அதே கணத்தில் உடம்பின் எடை முழங்காலை இன்னும் மடக்குகிறது. இரண்டு இழுப்புக்கும் நடுவில் தசைநாண் அறுந்துவிடுகிறது. "பட்டுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு" என்று பலர் சொல்வார்கள். வீட்டு மாடிப்படியில் கடைசிப் படியைத் தவறவிட்டவருக்கும் இதேதான் நடக்கிறது.

பிறகு நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். முழங்கால் வீங்குகிறது. எண்ணெய் காய்ச்சித் தடவுவார்கள், சுளுக்கு எடுக்கிறவரைக் கூப்பிடுவார்கள். அப்புறம் எக்ஸ்ரே. "எலும்புக்கு ஒண்ணும் ஆகல" என்ற ஒரு வார்த்தையில் வீடே நிம்மதியாகிவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை விறைப்பாக வைத்து அவரும் கொஞ்சம் நடப்பார். வாரங்கள் ஓடிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எந்த எந்திரமும் வேண்டாம். படுக்கையும் இரண்டு நிமிடமும் போதும்.

"அண்ணாச்சி, மல்லாந்து படுங்க. முட்டு மடங்காம, காலை அப்படியே மேல தூக்குங்க பாப்போம்."

"தூக்கணும்னுதான் நெனைக்கேன். வர மாட்டேங்கு."

"சரி, நான் தூக்கிப் பிடிக்கேன். கைய எடுத்ததும் அப்படியே நிறுத்துங்க."

கையை எடுத்ததும் முழங்கால் மடங்குகிறது, குதிகால் படுக்கையில் விழுகிறது. தொடையில் தசை இறுகுவது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் கால் வரவில்லை. அடுத்தவர் பிடித்து நீட்டினால் முழுதாக நீள்கிறது, தானாக நீட்ட முடியவில்லை. இந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும். அதோடு சில்லின் மேல்விளிம்பை ஒட்டி விரலை வைத்து மெல்ல அழுத்தினால், மற்றக் காலில் கெட்டியாக இருக்கும் அதே இடத்தில் இங்கே விரல் உள்ளே இறங்கும். அறுந்த இடத்தின் பள்ளம் அது. வலி, தானாக நீட்ட முடியாமை, சில்லுக்கு மேல் பள்ளம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் சந்தேகத்துக்கு இடமே கிடையாது.

ஆனால் மூன்றும் எப்போதும் தெளிவாகத் தெரிந்துவிடாது. அடிபட்ட சில மணி நேரத்திலேயே இரத்தம் தேங்கிப் பள்ளத்தை நிரப்பிவிடும். சில்லின் இரண்டு பக்கமும் துணைப் பட்டைகள் உண்டு. நடு நாண் அறுந்தும் அவை அறாமல் இருந்தால் நோயாளி காலைக் கொஞ்சம் தூக்கிவிடுவார். அப்போதும் கடைசி சில டிகிரிகள் நீட்ட முடியாமல் முழங்கால் லேசாக மடங்கியே நிற்கும். இதற்கு நேர்மாறாக, நாண் அறாமலேயே வலியின் மிகுதியால் காலைத் தூக்காதவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் சந்தேகம் வந்தால், தேங்கிய இரத்தத்தை ஊசியால் எடுத்துவிட்டு மரத்துப்போகும் மருந்து போட்டு, மறுபடியும் தூக்கச் சொல்லிப் பார்ப்பது டாக்டர்களின் வழக்கம். சில்லே உடைந்திருந்தாலும் கால் தூக்க வராது, ஆனால் அது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

முறிவைத் தேடுவதோடு நிறுத்தாமல் பார்த்தால் அதே எக்ஸ்ரே நிறையச் சொல்லும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் சில்லு எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மேலே அறுந்திருந்தால் சில்லு கீழே இறங்கியிருக்கும். கீழே உள்ள படெல்லர் தசைநாண் அறுந்திருந்தால், தொடைத்தசை சில்லை மேலே இழுத்துக்கொண்டு போயிருக்கும். படெல்லர் தசைநாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுத்தால் சாதாரணமாக 1-ஐ ஒட்டி வரும். 1.2-க்கு மேலே போனால் சில்லு ஏறியிருக்கிறது, 0.8-க்குக் கீழே வந்தால் இறங்கியிருக்கிறது என்று கணக்கு. 1971-இல் இன்சால், சால்வாட்டி என்ற இரண்டு மருத்துவர்கள் சொன்ன இந்த அளவை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

இதற்குப் பிறகும் உறுதியாகவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். செலவு குறைவு, காலை அசைக்கச் சொல்லியபடியே நாணைப் பார்க்கலாம். பாதி கிழிசலா முழுக் கிழிசலா என்ற குழப்பம் இருந்தாலோ, மூட்டுக்குள் வேறு காயம் இருக்குமோ என்ற ஐயம் இருந்தாலோ எம்ஆர்ஐ தேவைப்படும். வசதி இருக்கிறதே என்று முதலிலேயே எம்ஆர்ஐக்கு ஓட வேண்டாம் என்பது என் கருத்து. கைப் பரிசோதனையை ஒழுங்காகச் செய்கிற டாக்டரிடம் முதலில் காட்டுவதுதான் முக்கியம்.

ஏன் சிலருக்கு மட்டும் அறுகிறது

நல்ல ஆரோக்கியமான தசைநாண் லேசில் அறாது. வெகுநாளாக உள்ளுக்குள் நைந்துபோயிருந்த நாண்தான் அந்த ஒரு வழுக்கலில் அறுகிறது. நீரிழிவில் சர்க்கரை, நாணின் கொலாஜன் இழைகளோடு ஒட்டி அவற்றை விறைக்கச் செய்கிறது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குப் பாராதைராய்டு ஹார்மோன் ஏறி, எலும்பின் சுண்ணாம்புச் சத்தை அரிக்கிறது. அதனால் நாண் எலும்பில் பதிகிற இடமே பலமிழக்கிறது. யூரிக் அமில வாதம், முடக்குவாதம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

இவர்களில் சிலருக்கு இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் நாண் அறுவதுண்டு. நாற்காலியில் இருந்து எழும்போதே நடந்துவிடும். திடீரென்று இரண்டு காலும் நிற்க விடவில்லை என்றதும் வீட்டில் உள்ளவர்கள் வாதம் அடித்துவிட்டது என்று பயப்படுகிறார்கள். மருத்துவமனையிலும் தண்டுவடக் கோளாறாக இருக்கலாம் என்று முதலில் நினைப்பதுண்டு. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கால் என்று ஒன்று இல்லாததால் பள்ளமும் சட்டென்று பிடிபடாது. டயாலிசிஸ் நோயாளி இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒரு மாத்திரையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் போன்றவை ஃபுளோரோகுவினோலோன் வகை ஆன்டிபயாட்டிக்குகள். இவை தசைநாண்களைப் பாதிக்கலாம், அறவும் வைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல் தன் மிகக் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது. அதிகம் பாதிக்கப்படுவது குதிகால் நாண்தான் என்றாலும் மற்ற நாண்களுக்கும் ஆபத்து உண்டு. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். தேவைப்படும் இடத்தில் அது உயிர் காக்கும் மருந்து, அதில் மறுப்பில்லை. வயிற்றுப்போக்குக்கும் நீர்க்கடுப்புக்கும் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் வாங்கி விழுங்குவதுதான் தவறு. அந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் குதிகாலிலோ முழங்காலிலோ புதிதாக வலி வந்தால், அடுத்த மாத்திரையைப் போடும் முன் எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள்.

தையலும் தாமதமும்

நாண் பாதி மட்டும் கிழிந்து, கால் நீட்டும் பலம் மிச்சம் இருந்தால் அறுவை தேவைப்படாது. முழங்காலை நேராக வைத்து ஏறக்குறைய ஆறு வாரம் வெளியே கட்டும் பட்டையோ (பிரேஸ்) மாவுக்கட்டோ போட்டுப் பார்க்கலாம். முழுதாக அறுந்திருந்தால் அறுவைதான் வழி. எந்தத் தைலமும் எந்தக் கட்டும் இரண்டு முனைகளையும் கொண்டுவந்து சேர்க்காது. எலும்பு அப்படியில்லை, அசையாமல் வைத்தால் தானாகக் கூடிவிடும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நாணுக்கும் நாட்டுக்கட்டு போதும் என்று நினைப்பதால்தான் நாள் வீணாகிறது.

அறுவையில், அறுந்த நாணின் இரண்டு ஓரத்திலும் கரையாத கெட்டி நூலை ஏற்றி இறக்கிப் பின்னுகிறார்கள். சில்லில் மேலிருந்து கீழாக மூன்று துளை போட்டு, நூலின் நான்கு முனைகளையும் அவற்றின் வழியே இழுத்துச் சில்லின் கீழ்விளிம்பில் முடிச்சிடுகிறார்கள். துளைக்குப் பதிலாக, எலும்பில் பதிக்கும் சிறு நங்கூரத் திருகுகளில் நூலைக் கட்டும் முறையும் உண்டு.

இதைச் செய்ய முதல் இரண்டு மூன்று வாரம்தான் நல்ல காலம். அதற்குப் பிறகு தொடைத்தசை சுருங்கி, அறுந்த முனையைச் சில சென்டிமீட்டர் மேலே இழுத்துக்கொள்ளும். நடுவில் தழும்புத் திசு நிரம்பிவிடும். அப்போது நேரடியாகத் தைக்க நாண் எட்டாது. நாணைக் கீறித் திருப்பி நீளமாக்க வேண்டும், அல்லது தொடையின் உட்பக்கத்தில் இருந்து வேறொரு நாணை எடுத்துப் பாலம் போட வேண்டும். அப்படிச் செய்தாலும் முதல் வாரத்தில் தைத்தவருக்குக் கிடைக்கும் பலம் இவருக்குக் கிடைப்பது கடினம்.

விழுந்த அன்றைக்குச் செய்ய வேண்டியது அதிகமில்லை. காலை நீட்டியே வைத்து, அடியில் தலையணையோ பலகையோ கொடுத்துத் துணியால் கட்டுங்கள். துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் வைத்து வைத்து எடுங்கள். சூட்டு எண்ணெய் வேண்டாம், உருவி விடவும் வேண்டாம். பைக்கில் பின்னால் உட்கார வைத்தால் முழங்கால் மடங்கும், ஆகவே 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் காலை நீட்ட இடமுள்ள வண்டியில் கொண்டுபோங்கள். எலும்பு டாக்டரிடம், "நேரா வச்சு தூக்க வரல" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம், தென்காசி பக்கத்து ஆட்கள் உள்ளூர் அரசு மருத்துவமனையில் காட்டிவிட்டு, தேவையென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், அறுவைச் செலவு அதில் வருமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கீழ் நாண் இளவட்டங்களுக்கு

படெல்லர் தசைநாண் பெரும்பாலும் நாற்பது வயதுக்குள் அறுகிறது. வாலிபாலில் தாவி இறங்கும்போதோ கபடியில் காலை ஊன்றி எகிறும்போதோ நடக்கும். சில்லு மேலே ஏறிவிடும், பள்ளம் சில்லுக்குக் கீழே இருக்கும். மற்றபடி பரிசோதனை, சிகிச்சை, அவசரம் எல்லாம் மேலே சொன்னதுதான். விளையாடும் பையன்களுக்கு அந்த இடத்தில் முன்கூட்டியே மாதக்கணக்கில் வலி இருந்திருக்கலாம். அந்த வலிக்கு நாணிலேயே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு போட்டிக்கு இறங்குவது மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் அந்த மருந்து நாணையே பலவீனமாக்கும்.

அறாமல் வலிக்கும் நாண்கள்

முழங்காலின் பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் நாண்கள் முழுதாக அறுவது அபூர்வம். ஆனால் உரசியும் களைத்தும் வலிப்பதுண்டு. இவற்றில் பாப்ளிட்டியஸ் என்பதை மட்டும் சற்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மலையடிவாரத்து ஆட்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தசை இது. இதன் நாண் சுற்றிவந்து தொடையெலும்பின் வெளிப்பக்கத்தில் பதிகிறது. நீட்டிப் பூட்டிய முழங்காலைத் திறந்து மடங்க வைப்பது இதன் வேலை. சரிவில் இறங்கும்போது தொடையெலும்பு முன்னால் சறுக்காமல் பிடித்துக்கொள்வதும் இதுதான். திருக்குறுங்குடி மலை நம்பியைப் பார்க்க நடந்தே ஏறியவர்களுக்கு, ஏறும்போது ஒன்றும் இல்லாமல் இறங்கும்போது மட்டும் முழங்காலின் வெளிப்பக்கம் குத்தினால் இந்த நாணைச் சந்தேகிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலின் கணுக்காலை மற்ற முழங்கால் மேல் போடுங்கள். வெளிப்பக்கத்தில் வடம்போல ஒன்று விறைத்து நிற்கும், அது பக்கத் தசைநார். அதற்குச் சற்று முன்னால் அழுத்தினால் வலி அங்கேதான் என்றால் அநேகமாக பாப்ளிட்டியஸ்தான். சில வாரம் இறக்கத்தைத் தவிர்த்து, தொடைத்தசைக்குப் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பைக் விபத்தில் இந்த நாண் கிழிந்தால் அது வேறு கதை. தனியாகக் கிழிவது அரிது, சுற்றியுள்ள தசைநார்களும் சேர்ந்தே போயிருக்கும், எம்ஆர்ஐ கட்டாயம்.

வெளிப்பக்கத்தில் இன்னொரு நாணும் உண்டு, தொடையின் பின்பக்கத் தசையில் இருந்து வரும் பைசெப்ஸ் ஃபெமோரிஸ். குத்தவைத்து உட்கார்ந்து எழும்போது முழங்காலின் வெளிப்புறம் 'டக்' என்று தெறித்தால், அந்த நாண், கணைக்காலின் வெளிப்பக்கத்தில் இருக்கும் ஃபிபுலா எலும்பின் தலைமேல் ஏறி இறங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அதை ஒட்டியே பாதத்தைத் தூக்கும் நரம்பு ஓடுகிறது. அடிபட்டு இந்த நாண் எலும்போடு பிய்ந்து வந்தால் அந்த நரம்பும் பாதிக்கப்படலாம். எனவே வெளிப்பக்கம் பலமாக அடிபட்டவர்கள் பாதத்தை மேலே மடக்க முடிகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

உட்பக்கத்தில், மூட்டுக்கு இரண்டு அங்குலம் கீழே மூன்று நாண்கள் ஒன்றாகப் பதிகின்றன. நடுத்தர வயதுப் பெண்களுக்கு, அதிலும் உடல் எடையோ நீரிழிவோ மூட்டுத் தேய்மானமோ இருந்தால், இங்கே வலி வருவது அரிதல்ல. முக்கூடல் பக்கம் நாள் முழுக்கத் தரையில் கால் மடக்கிப் பீடி சுற்றுகிறவர்கள், எழுந்திருக்கும்போதும் படி ஏறும்போதும் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், எல்லாவற்றையும் தேய்மானத்தின் கணக்கில் எழுதிவிடாமல் விரல் வைத்து எந்த இடம் என்று பார்க்க வேண்டும். தேய்மானத்துக்கு அறுவை பேசும் முன் இது இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை. பயிற்சியும் உட்காரும் முறையை மாற்றுவதும் இதற்குப் பெரும்பாலும் போதும்.

அறுவைக்குப் பிறகு

தைத்த நாண் எலும்போடு பிடிக்க முதல் ஆறு வாரம் தேவை. அதுவரை நேராகப் பூட்டிய பட்டையோடு, வாக்கர் பிடித்து, டாக்டர் சொன்ன அளவு எடை வைத்து நடக்கலாம். மடக்குவதை எப்போது தொடங்குவது, வாரம் எத்தனை டிகிரி கூட்டுவது என்பதெல்லாம் தையல் எவ்வளவு உறுதி என்பதைப் பொறுத்தது. அதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் 90 டிகிரி வரை கொண்டுவருவார்கள். வயல் வேலைக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், கபடிக்கும் வாலிபாலுக்கும் அதைவிடக் கூடுதல்.

இந்த நாட்களில் வீட்டார் கவனிக்க வேண்டியது கக்கூஸ். இந்தியன் டாய்லெட்டில் உட்காரவே முடியாது. நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் நாற்காலியை அறுவைக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். காலைத் தொங்கப்போட்டு உட்கார வைக்காதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்காமல் கூட்டிப்போங்கள். தொடைத்தசை வேகமாக இளைத்துவிடும். அதனால் படுத்தபடியே முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி, தொடையை இறுக்கி விடும் பயிற்சியை டாக்டர் அனுமதித்த நாளிலிருந்தே தொடங்க வேண்டும். பிசியோதெரபிக்கு வாராவாரம் போய்வர பஸ் வசதி இல்லாத ஊர்க்காரர்கள், பயிற்சிகளைச் செய்துகாட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். சம்மணம் போட்டு உட்காருவதும் குத்தவைப்பதும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் திரும்பும். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்பதை அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிடச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள்.